கல்லைப் பார்த்துப் பாட முடியுமா?

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் படித்தே பாடிவிடலாமா, பள்ளிப் பாட்டு வகுப்பில் அதைச் சொல்லித்தரலாமா என்று புதுக்கோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார். 'உலகின் முதல் இசைக்குறிப்பு' என்று சுற்றிவரும் பெருமையை முதலில் ஓரம் வைப்போம். கிரேக்கர்களின் செய்கிலோஸ் கல்வெட்டு இதைவிட மூத்தது. அதில் பாட்டு வரியும் உண்டு.

வரலாறு இவ்வளவு போதும்: ஏழாம் நூற்றாண்டை ஒட்டிய கிரந்த எழுத்து, ஏழு பகுதிகள், 1904இல் கண்டெடுப்பு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்பார்கள். கல்லில் அவன் பெயர் இல்லை. மாணவர் நலனுக்காக என்று இருக்கிறது. ஆக, பாடப்புத்தகம்தான்.

என்னை மயக்குவது அதன் உயிரெழுத்து வித்தை. ர, ரி, ரு, ரே என்று ஒரே சுரம் நான்கு உயிரேறி வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் இசை இலக்கணம் எழுதிய வேங்கடமகியும் ர, ரி, ரு என்று ரிஷபத்தை மூன்றாக்கினார். மெய் வீதி, உயிர் கதவு எண். அவர் கணக்கில் 'ரி'யும் 'க'வும் ஒரே ஒலி: கீழ ராஜ வீதியில் ஒரு வாசல், குறுக்குத் தெருவில் ஒரு வாசல் வைத்த முனை வீடு. எதில் தட்டினாலும் அதே பாட்டிதான் வருவாள். ஆனால் எந்த மேள ராகமும் இரண்டு வாசலையும் சேர்த்துத் திறக்காது. வாசலில் கட்டிய நாய் இழுக்கும் இழுப்புதான் கமகம், அதாவது சுரத்தின் அசைவு. கதவு எண்ணில் அது தெரியாது. அதே 1904இல் எட்டயபுரத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யில் சுப்பராம தீட்சிதர் அதற்கென்றே தனிக் குறிகள் போட வேண்டியிருந்தது.

கல்வெட்டுக்கும் இதே சாவி பொருந்துமா? பொருந்தாது. இன்று அசையாத ச, ப கூட அங்கே நான்கு உயிரேறுகின்றன. சுருதி நுணுக்கம் என்கிறார்கள் சிலர். வீணை மீட்டும் முறை என்கிறார்கள் வேறு சிலர். பாடிக்காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் பாதி அவர் கற்பனை.

வகுப்புக்கு வேங்கடமகி போதும். மாயாமாளவகௌளையின் 'ச ர கு ம ப த நு'வில் ர-வை ரி, த-வைத் தி ஆக்கினால் சங்கராபரணம். சரளி வரிசையைப் பலகையில் எழுதி, நடுவில் இந்த இரண்டை மட்டும் மாற்றுங்கள். கண் பார்த்ததும் தொண்டை அரைச் சுரம் ஏற வேண்டும். சுருதி பார்க்கும் செயலியில் பச்சை விளக்கு எரிவது பாடி முடித்த பிறகுதான். பாடுமுன் காதுக்குள் கேட்பதுதான் இங்கே பயிற்சி. வீட்டில் தம்புராவை நிறுத்திவிட்டு இரண்டு வரிசை பாடி, மறுபடி போட்டு, ச நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.