கிம் கிம் ஆற்றில் கலந்த நஞ்சும் குடியிருப்பாளரின் உரிமையும்

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, பாசிர் கூடாங் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் சிற்றாறு சுங்கை கிம் கிம். 2019 மார்ச் தொடக்கத்தில் டாங்கர் லாரியில் வந்த இரசாயனக் கழிவை அதில் கொட்டிவிட்டுப் போனார்கள். மார்ச் 7 காலையில் ஆற்றுக்கு அருகிலிருந்த தாமான் பாசிர் பூத்தி தேசியப் பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறியது, குமட்டியது, கண் எரிந்தது. இரண்டு பள்ளிகளும் மூடப்பட்டன. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கழிவின் பெரும்பகுதி ஆற்றிலேயே கிடந்தது. வெயிலும் காற்றும் அந்த ஆவியைக் குடியிருப்புகளுக்குள் கொண்டுவந்தன. மார்ச் 11 முதல் மாணவர்கள் கூட்டங்கூட்டமாக மயங்கி விழுந்தார்கள். 13ஆம் தேதி பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. மொத்தத்தில் ஏறத்தாழ 6,000 பேர் பாதிக்கப்பட்டனர். 2,775 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். முதல் நான்கு நாளில் ஆறு சுத்தம் செய்யப்பட்டிருந்தால் இந்த எண்ணிக்கை இவ்வளவு ஏறியிருக்காது.

காற்றில் கண்டறியப்பட்டவற்றுள் அக்ரோலின், அக்ரிலோநைட்ரில், ஹைட்ரஜன் குளோரைடு, டொலுயின், சைலீன் ஆகியவை இருந்தன. இவற்றுள் பல, நீரில் கலந்த பின்னும் எளிதில் ஆவியாகிக் காற்றில் ஏறுபவை. அதனால்தான் ஆற்று நீரைத் தொடாதவர்களும் நோயுற்றார்கள். அக்ரோலின் மிகக் குறைந்த அளவிலேயே கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். டொலுயினும் சைலீனும் தலைசுற்றலையும் மயக்கத்தையும் தரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து கூடுதல். நெடி வந்தால் என்னவென்று பார்க்க ஆற்றங்கரைக்குப் போவது பெருந்தவறு. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நகர்ந்து, பிறகு காற்று வரும் பக்கமாக விலகிப் போக வேண்டும். உடையை மாற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 999-க்கு அழைக்க வேண்டும்.

கிம் கிம்மில் நெடியாவது எச்சரித்தது. எல்லா நஞ்சும் எச்சரிப்பதில்லை. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகள் 77 வகைக் கழிவுகளைப் பட்டியலிடுகின்றன. அதில் முதல் எண்ணான எஸ்டபிள்யூ 101, ஆர்செனிக் கலந்த கழிவுக்கு உரியது. ஆர்செனிக் கலந்த நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. அத்தகைய கழிவை மண்ணில் கொட்டினால் மழையோடு இறங்கி நிலத்தடி நீரில் சேரும். இதே மலாய்த் தீபகற்பத்தின் வடக்கே, தென் தாய்லாந்தின் ரோன் பிபுன் வட்டாரத்தில் வெள்ளீயச் சுரங்கக் கழிவிலிருந்து ஆழமில்லாத கிணறுகளுக்கு ஆர்செனிக் பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் தோலில் கரும்புள்ளிகளும் தடிப்புகளும் தோன்றிய பிறகே, 1980களின் பிற்பகுதியில் அது வெளியே தெரிந்தது. ஆர்செனிக் கலந்த நீரை நீண்ட காலம் குடித்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் வரலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நீரைக் கொதிக்க வைப்பது இதற்குத் தீர்வாகாது. நீர் வற்ற வற்ற ஆர்செனிக்கின் செறிவு கூடவே செய்யும். கிணற்று நீரையோ குழாய்க்கிணற்று நீரையோ குடிப்பவர்கள் அதை ஆய்வகத்தில் சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

சட்டம் இல்லாததால் கிம் கிம் நடக்கவில்லை. அட்டவணைக் கழிவை ஆலை 180 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது, 20 டன்னுக்கு மேல் சேர்க்கவும் கூடாது. கலன் ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்ட வேண்டும், கணக்கேடு வைக்க வேண்டும். கழிவு வெளியேறும்போது யார் கொடுத்தது, யார் ஏற்றியது, யார் பெற்றது என்ற ஆவணம் கூடவே போக வேண்டும். நெகிரி செம்பிலானின் புக்கிட் நனாஸ் போன்ற உரிமம் பெற்ற நிலையங்களே அதை அழிக்கலாம். அங்கே அழிக்கக் கட்டணம் உண்டு. இரவில் ஆற்றோரம் குழாயைத் திறந்துவிடக் கட்டணமில்லை. இந்த இலாபக் கணக்கை முறியடிக்கும் அளவுக்குத் தண்டனை இருக்கவில்லை. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34பி பிரிவு அப்போது விதித்த உச்ச அபராதம் 5 லட்சம் ரிங்கிட், சிறை ஐந்தாண்டு. 2024 திருத்தம் கடுமையான குற்றங்களுக்கான உச்ச அபராதத்தை 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தியது. தேவையான திருத்தம், ஆனால் தாமதமாக வந்தது.

தூய காற்றும் நீரும் அரசு பார்த்துக் கொடுக்கும் சலுகை அல்ல. கூட்டரசு அரசமைப்பின் 5ஆவது பிரிவு உயிர்வாழும் உரிமையைக் காக்கிறது. 1996இல் தான் தெக் செங் வழக்கில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் அந்த உரிமைக்கு விரிவான பொருள் தந்தார். ஓரளவு ஆரோக்கியமான, மாசற்ற சூழலில் வாழ்வதும் அதனுள் அடங்கும் என்றார்.

பாதிக்கப்பட்டவர் கழிவைக் கொட்டியவர் மீது கவனக்குறைவு, தொல்லை ஆகிய அடிப்படைகளில் உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் ஆவணத்தில்தான். நெடி வந்த நாளும் நேரமும், ஆற்றின் படங்கள், லாரியின் பதிவு எண், கிளினிக் சீட்டு, மருத்துவ அறிக்கை, போலீஸ் புகாரின் நகல், சுற்றுச்சூழல் துறையிடம் அளித்த புகாரின் எண் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சேர்த்து வைக்க வேண்டும். பிள்ளைக்கு மறுநாள் சரியாகிவிட்டது என்று மருத்துவரிடம் காட்டாமல் விடும் குடும்பங்களுக்குப் பின்னர் எதையும் நிரூபிக்க வழியிருக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பெற்றோரே வழக்குத் தொடரலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம்.

காலவரம்பைக் கவனிக்காமல் உரிமையை இழந்தவர்கள் உண்டு. தனியார் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கப் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. கடமையில் தவறியதாக அரசுத் துறையையோ ஊராட்சி மன்றத்தையோ வழக்கில் சேர்ப்பதானால், 1948ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம்தான்.