வலியை மறைப்பது ஸபர் ஆகாது

உம்மாவின் நோய்க்காலத்தில் நான் செய்த பெரிய பிழை, அவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுக்காமல் விட்டதுதான். மறதியால் அல்ல, பயத்தால்.

மார்பகப் புற்றுநோய் உம்மாவின் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. கொஸ்லந்தையிலிருந்து பெரகலைக்கு ஏறி, ஹப்புத்தளை, பண்டாரவளை தாண்டிப் பதுளைக்குக் கிளினிக் போய் வருவோம். வலிக்கு மோர்பின் எழுதினார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குப் போதைப்பொருள்தான் நினைவுக்கு வந்தது. உம்மா அதற்குப் பழகிவிடுவாரோ, தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடுமோ என்று இரவு வேளை மருந்தை நானாகவே நிறுத்தினேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. தஸ்பீஹைப் பிடித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். அதை ஸபர் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அக்கா இருந்தார். மீரியபெத்த தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கணவரை இதே நோயில் பராமரித்தவர். உம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் சொன்னார்: "டீச்சர், ராத்திரி மருந்த கொறைக்காதீங்க. பகல்ல ஆளுங்க வந்து போறதுல வலி தெரியாது. ராவுலதான் கொல்லும்."

அடுத்த கிளினிக்கில் உண்மையைச் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. பொறுமையாக விளங்கப்படுத்தினார். அன்றும் அதன் பிறகும் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, மருந்து கொடுக்க வேண்டியது நேரம் பார்த்து, வலியைப் பார்த்து அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட புற்றுநோய் வலி நிவாரண வழிமுறையிலேயே இது இருக்கிறது: முடிந்தவரை வாய் வழியாக, மணிக்கணக்குப்படி, ஒவ்வொருவருக்கும் ஏற்ற அளவில். சாதாரண மோர்பின் பொதுவாக 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுகிறது. மெதுவாகக் கரையும் வகை பெரும்பாலும் 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இந்த இரண்டாவது வகையை ஒருபோதும் உடைத்தோ இடித்தோ கொடுக்கக் கூடாது. முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். இடையில் வலி கிளம்பினால் எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பழக்கம் பற்றிய பயம். புற்றுநோய் வலிக்காக டொக்டரின் கண்காணிப்பில் அளவோடு கொடுக்கும்போது நோயாளி போதைக்கு அடிமையாவது அரிது. உடம்பு மருந்துக்குப் பழகும் என்பது உண்மை. அதனால்தான் திடீரென நிறுத்தக் கூடாது. தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாட்களில் குறையும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். சிறுநீரக நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எழுப்பியும் எழும்பாத மயக்கம், மிக மெதுவான மூச்சு இருந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

"ஹராம் இல்லையா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். போதைக்காக எடுப்பது வேறு, தேவைக்காக மருத்துவர் அளவிட்டுக் கொடுப்பது வேறு. மருத்துவத் தேவைக்கு இது ஆகும் என்பதே மார்க்க அறிஞர்களில் பெரும்பான்மையினரின் கருத்து. சந்தேகம் இருந்தால் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள். ஐயூப் நபி (அலை) அவர்களே தமது துன்பத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். வலிக்கிறது என்று சொல்வதால் ஸபர் குறைந்துவிடாது.

அன்றாட வாழ்க்கைக்கு ஒரு கொப்பி போதும். வலி எத்தனை என்று 0 முதல் 10 வரை கேட்டு, நேரத்தோடு எழுதினேன். குளிப்பாட்டுவதை மருந்து குடித்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டோம். சாப்பாட்டைச் சிறிது சிறிதாகப் பல தடவை கொடுத்தோம். உம்மா கட்டிலில் இருந்தபடியே தொழுதார். தண்ணீர் முடியாத நாட்களில் தயம்மும் செய்தார்.

இரண்டு விஷயங்களில் மட்டும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். ஒன்று, கீமோதெரபி காலத்தில் 38 பாகைக்கு மேல் காய்ச்சல். மற்றது, முதுகுவலியோடு கால் பலமிழப்பது அல்லது சிறுநீர் கழிக்க முடியாமல் போவது. இரண்டுக்கும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்: பிள்ளை பேசாமல் இருந்தால் பாடம் விளங்கிவிட்டது என்று முடிவு கட்டாதே, கேட்டுப் பார். வகுப்பில் அதைச் செய்தேன். வீட்டில் உம்மாவிடம் செய்யவில்லை. இரவு மருந்தைத் திரும்பத் தொடங்கி ஒரு வாரத்தில் உம்மா எழுந்து உட்கார்ந்து பேத்திக்கு ஓதிக்கொடுத்தார். நோய் போகவில்லை. ஆனால் எங்களுக்கு உம்மா திரும்பக் கிடைத்தார்.

2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவு மீரியபெத்தவின் லயங்களை மூடியது. ஆபத்து பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் பாதுகாப்பான இடத்தில் அந்த மக்களுக்கு வீடு கிடைத்திருக்கவில்லை. போக வழியில்லாதவருக்கு எச்சரிக்கை மட்டும் உதவாது. வலியும் அப்படித்தான். "டொக்டரிடம் சொல்லுங்கள்" என்று சொல்வது சுலபம். மலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்குப் போக வாகனமும், கூட ஓர் ஆளும் வேண்டும்.

கேரளாவில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பின்னர் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஊர்த் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் அமைப்பாக வளர்ந்தது. 2008இல் மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. நம் பள்ளிவாசல் நிர்வாகங்கள் கிளினிக் நாளுக்கு ஒரு வாகனமும், நோயாளி வீட்டுக்கு வாரம் ஒருமுறை இரண்டு பேரும் ஏற்பாடு செய்தால் அது பெரிய உதவி. அந்த வாகனத்தில் பக்கத்துத் தோட்டத்து அக்காமாருக்கும் இடம் இருக்கட்டும். என் கண்ணைத் திறந்தது அவர்களில் ஒருவர்தான்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவையும், பராமரிப்போருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.