இணைநிலைக் கோப்புத் தேக்கமும் அதன் வலைப்பின்னலும்

அயனம்பாக்கம் ஏரியைப் போன்றதொரு நீர்நிலையை எண்ணுக. கரையை உயர்த்தின் நீர் பெருகும். ஆயின் மதகும் வாய்க்காலும் பழைய அளவினவேயாயின் கடைமடைக்குச் சேரும் நீர் பெரிதும் மிகாது. மிகுவேகக் கணினிகளின் தரவுத் தேக்கத்தை விளக்குதற்கு இதனினும் பொருத்தமான உவமையை யாம் கண்டிலேம். கொள்ளளவு வேறு, பாயும் வேகம் வேறு.

சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-இல் இயங்கத் தொடங்கிய 'கப்ரு' என்னும் கணினித் தொகுதியை ஈண்டு நோக்குவாம். இமயத்துச் சிகரம் ஒன்றன் பெயர் தாங்கிய அது 144 கணினிகளை 6×6×4 என்னும் முப்பரிமாணப் பின்னலில் இணைத்தது. விளிம்பில் உள்ளது எதிர்விளிம்பில் உள்ளதோடு பிணைக்கப்பெற்றமையின் ஒவ்வொன்றற்கும் அண்டைக் கணினிகள் ஆறாயின. அடிப்படைத் துகள்கள் பற்றிய கணக்கீட்டில் அண்டையோடு அடிக்கடி செய்தி மாறிக்கொள்ளல் வேண்டும்; அதற்கு இப்பின்னல் நன்கு பொருந்தும். கோப்புத் தேக்கத்தின் தேவையோ வேறு. நெடுங்கணக்கு இடையில் அற்றுப்போதற்கு அஞ்சி, இத்தகைய தொகுதியின் கணினிகள் யாவும் தம் நிலையை அவ்வப்போது ஒருங்கே எழுதிவைக்கும். எழுதும் வாயில் ஒன்றேயாயின், அத்தனையும் அதன்முன் காத்து நிற்கும்.

இவ்விடரைக் களைய எழுந்ததே இணைநிலைக் கோப்பமைப்பு. 1999-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராம் தொடங்கிய 'லஸ்டர்' அவற்றுள் ஒன்று. லினக்ஸ், கிளஸ்டர் என்னும் இரு சொற்களும் கூடிய பெயர் அது. 2019-இல் வாரணாசியில் நிறுவப்பெற்ற பரம் சிவாய் கணினியும் இதனையே மேற்கொண்டது. நீண்ட சுவடியொன்றைக் கட்டவிழ்த்து ஏடுகளைப் பலருக்குப் பகிர்ந்து ஒரே வேளையில் படியெடுப்பித்தல் போல, இஃது ஒரு பெருங்கோப்பைக் கீற்றுகளாக்கிப் பல தேக்கக் கணினிகளில் இடும். எக்கீற்று எங்குளது என்பதைக் குறிப்புத் தரவுக் கணினி அறிவிக்கும். அறிவித்தபின் அது விலகிக்கொள்ள, தரவு நேரே பாயும். இவ்வமைப்பின் நுட்பம் இவ்விலகலிலேயே உளது என்பது எம் கருத்து.

தேக்கக் கணினியொன்று நொடிக்கு 2 கிகாபைட் தருமெனக் கொள்வோம். எட்டுக்கு 16 ஆதல் வேண்டும். இடைநின்ற இணைப்புகள் பத்தே தாங்குமாயின் கிடைப்பது பத்தே. மேலும் எட்டுச் சேர்ப்பினும் அதுவே. ஆகலின் தேக்கம் வளருந்தோறும் இணைப்பும் உடன் வளர்தல் வேண்டும்.

தமிழாய்வாளர்க்கு நேரும் இடர் பிறிதொன்று. ஓலைச்சுவடியின் ஒவ்வோர் ஏட்டுப்பக்கமும் தனிப்படமாக, இலக்கக்கணக்கான சிறுகோப்புகள் குவியின், கீற்றிடுதலால் பயனில்லை. ஒவ்வொன்றையும் திறக்குமுன் குறிப்புத் தரவுக் கணினியை வினவல் வேண்டுமன்றோ? தேக்கக் கணினிகள் வாளாவிருக்க, அஃதொன்றே சுமை தாங்கும். ஒரு சுவடியின் படங்களை ஒரே பொதிக்கோப்பாகக் கட்டி, உள்ளே ஏட்டெண் அட்டவணையும் வைத்து ஒப்படைப்பின் அச்சுமை பெரிதும் குறையும். படமெடுக்குங்காலத்தேயே இதனைச் செய்தல் எளிது.