வாடிக்கையாளர் விருப்பமும் இனவேற்றுமையும்

திறமை மிக்க ஒருவரை இனங் காரணமாக விலக்கும் முதலாளி, பெரும்பாலும் பழியைத் தம்மேல் ஏற்பதில்லை. தமக்கு வேற்றுமை இல்லையென்றும், தம்மிடம் வரும் வாடிக்கையாளரே விரும்பார் என்றும் கூறுவார். வாணிகத்தின் உயிர் வாடிக்கையாளரிடத்தே உள்ளதாதலின், இவ்வாதம் மேலோட்டமாக நோக்குவார்க்கு நியாயம் போலவே தோன்றும்.

பெல்ஜிய நாட்டில் இது வெளிப்படையாகவே எழுந்தது. வாகனக் கொட்டில்களுக்குக் கதவு பொருத்தும் ஃபெரின் என்னும் நிறுவனத்தின் இயக்குநர், வேற்றுநாட்டிலிருந்து குடியேறியோரைத் தம் வீட்டினுள் விட வாடிக்கையாளர் தயங்குவதால் அன்னோரை வேலைக்குச் சேர்த்தல் இயலாதென்று பகிரங்கமாகக் கூறினார். வேலை மறுக்கப்பட்டேன் என முறையிட்டவர் ஒருவருமிலர்; சமவாய்ப்புக்கான நிலையமொன்றே வழக்குத் தொடுத்தது. 2008ஆம் ஆண்டு யூலை 10ஆந் திகதி தீர்ப்பளித்த ஐரோப்பிய நீதிமன்று, அக்கூற்றே நேரடிப் பாரபட்சமாகும் என்றது. அதனைக் கேட்டவர் விண்ணப்பிக்கவே துணியார். விண்ணப்பம் இல்லாதவிடத்து மறுப்புமில்லை. மறுப்பில்லாதவிடத்து முறையீடு எங்ஙனம் எழும்? இந்நுட்பத்தை நீதியரசர் கண்டமை பாராட்டற்பாலது.

ஐக்கிய அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டம், மதம், பால், தேசிய பூர்வீகம் என்பன சில தொழில்களுக்கு இன்றியமையாத் தகுதிகளாதல் கூடுமென விலக்களிக்கின்றது. இனத்துக்கும் நிறத்துக்கும் அவ்விலக்கு இல்லை. ஆயினும், இந்தியானா மாநிலத்து முதியோர் பராமரிப்பு இல்லமொன்று, கறுப்பினப் பணியாளர் தம்மை அணுகலாகாது எனக் கேட்ட ஒருவரின் விருப்பத்துக்கு இணங்கி, அதனைப் பணிப்பகிர்வுத் தாளிலும் எழுதி வைத்தது. 2010ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்று அதனை ஏற்க மறுத்தது. ஒருவரை இல்லத்திற் சேர்க்கு முன்னரே அங்குள்ள நெறியை உணர்த்தி, எழுத்தில் உடன்பாடு பெற்றிருக்கலாமே என்பதும் அத்தீர்ப்பிற் காணப்படுகின்றது. நட்டம் வருமென அஞ்சும் வணிகரும் இதனைச் சிந்தித்தல் நன்று.

பிரித்தானியாவின் 1976ஆம் ஆண்டு இன உறவுகள் சட்டம் வேடிக்கையான விலக்கொன்றை வைத்திருந்தது. ஓர் இனத்தாரின் சூழலை அமைத்து உணவு பரிமாறும் சாலைகள், உண்மைத் தோற்றத்தின் பொருட்டு அவ்வினத்தாரையே தேர்ந்துகொள்ளலாம் என்பது அது. உணவின் சுவை அடுக்களையிலன்றோ பிறப்பது! 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் அத்தனி விதி இடம்பெறவில்லை.

மொழித் தேவை இவற்றின் வேறானது. அரபு மொழியன்றி வேறறியாதார்க்கு அம்மொழி வல்லார் ஒருவர் வேண்டும். அவர் எவ்வினத்தவராயினும் அமையும். ஆனால், துன்புற்ற ஒரு சிறுபான்மையினத்தார்க்கு ஆறுதலும் ஆலோசனையும் கூறும் பணிக்கு அவ்வினத்தவரே தகுவர் என்பாரும் உளர். 1976ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகைய நலப்பணிக்கு இடமளித்தது. இவ்வாதத்தை உணவுச்சாலை வாதம் போல எளிதில் தள்ளிவிடுதல் இயலாது.