லண்டனை மூடிய ஐந்து நாள் புகை

1952 டிசம்பர் 5. லண்டனில் கடுங்குளிர். வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிந்தது. மின் நிலையங்களும் ஆலைகளும் புகையைக் கக்கின. காற்று அசையவில்லை. தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோல் கவிந்துகொள்ள, புகை மேலே போக வழியின்றித் தெருவிலேயே தேங்கியது. ஓட்டுநருக்குப் பாதை தெரியாததால், நடத்துநர் கையில் விளக்கோடு பேருந்துக்கு முன்னால் நடந்தார். சேட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள் புகை புகுந்ததால் இசை நாடகம் பாதியில் நின்றது.

கணக்கில் வந்த சாவுகள்

டிசம்பர் 9-ல் காற்று வீசியதும் புகை கலைந்தது. நடந்த விபரீதம் உடனே யாருக்கும் உறைக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், குழந்தைகள், ஏற்கெனவே நுரையீரல் நோயும் இதய நோயும் இருந்தவர்கள். இறப்புப் பதிவுகளை வழக்கமான நாட்களோடு ஒப்பிட்டபோதுதான், சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்திருப்பது தெரிந்தது. அடுத்த சில மாதங்களிலும் சாவுகள் குறையவில்லை. அதற்கு அரசு இன்ஃபுளுயன்சாவைக் காரணம் காட்டியது. பிற்கால ஆய்வாளர்களோ மொத்தம் 12,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று கணித்தார்கள்.

1956-ல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது.

துகள் செய்யும் வேலை

கண்ணைக் கரிக்கும் புகையைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசி மோசமானது. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். பெரிய தூசியை மூக்கும் சளியும் தடுத்துவிடும். நுண்துகளோ நுரையீரலின் காற்றுப்பைகள்வரை போய் அழற்சியை உண்டாக்குகிறது. ரத்தக் குழாய்கள் பாதிக்கப்படுகின்றன. ரத்தம் எளிதில் உறைகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் இப்படித்தான் நெருங்குகின்றன.

ஆறு நகரங்களின் சாட்சியம்

அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8,111 பேரை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 14 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 1993-ல் வெளியானது. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், மாசு மிகுந்த ஸ்டூபன்வில்லில் இறப்பு விகிதம், மாசு குறைந்த போர்ட்டேஜைவிட 26 சதவீதம் அதிகம். 2006-ல் வந்த தொடர் ஆய்வு நல்ல செய்தியைச் சொன்னது: நுண்துகள் குறைந்த இடங்களில் சாவும் குறைந்திருந்தது.

இறப்புச் சான்றிதழில் ஏறிய காரணம்

தென்கிழக்கு லண்டனில் நெரிசல் மிகுந்த சாலையருகே வசித்த 9 வயதுச் சிறுமி, கடும் ஆஸ்துமாவால் 2013-ல் இறந்தாள். தாயின் நெடிய போராட்டத்துக்குப் பின், காற்று மாசும் அவள் சாவுக்கு ஒரு காரணம் என 2020-ல் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். மாசின் ஆபத்தைத் தாய்க்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த நுண்துகள் வரம்பு, ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்பு 40.

வீட்டில் ஆஸ்துமாக்காரரோ இதய நோயாளியோ இருந்தால், தினமும் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்ப்பது நல்லது. மாசு கூடிய நாளில் வெளியே நடைப்பயிற்சி வேண்டாம். கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு நன்றாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் தடுக்கும். குப்பையையும் டயரையும் எரிப்பதை அறவே நிறுத்த வேண்டும். மருத்துவரிடம் போகும்போது, வீடு பெரிய சாலையை ஒட்டி இருப்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.