கொல்கத்தாவும் மகளிர் கால்பந்தும்: 1975, 2025

கொல்கத்தாவில் பெண்கள் ஆடும் கால்பந்துக்கு இரண்டு பொற்காலங்கள் உண்டு. முதலாவது 1975 முதல் எட்டு, ஒன்பது ஆண்டுகள் நீடித்தது. இரண்டாவது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இடையில் ஒரு தலைமுறைக்கும் மேலான காலம் ஏறக்குறைய வெற்றிடமாகக் கிடந்தது.

1975இல் இந்திய மகளிர் கால்பந்துச் சம்மேளனம் தோன்றியது. அந்த ஆண்டே லக்னோவில் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. ஆண்கள் கால்பந்தை நிர்வகித்த அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு இதில் பங்கு எதுவும் இல்லை. பெண்கள் ஆட விரும்பினால் தனியாக அமைப்பு வைத்துக்கொள்ளட்டும் என்பது அன்றைய நிலை. தேசிய அணிக்கு முதல் பயிற்சியாளராக வந்தவர் சுஷீல் பட்டாச்சார்யா. ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு ஆடியவர், அதன் ஆண்கள் அணிக்குப் பயிற்சி அளித்தவர். அவர் கையில் வளர்ந்த வீராங்கனைகளில் வங்காளப் பெண்கள் நிறையப் பேர். ஷாந்தி மல்லிக், குந்தலா கோஷ் தஸ்திதார் போன்றவர்கள் அந்த மண்ணிலிருந்து வந்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார்கள்.

அன்று லீக் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, சம்பளம் கிடையாது. ஆண்டுக்கு ஒரு தேசியப் போட்டி, எப்போதாவது ஒரு வெளிநாட்டுப் பயணம், அவ்வளவுதான். ஆனால் ஆசிய அளவில் அந்த அணி நின்ற இடத்தைப் பார்த்தால் இன்றைக்கு வியப்பாக இருக்கும். 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. அவற்றில் ஒன்று இறுதி ஆட்டம் வரை போய், சீனத் தைபேயிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. 1981இல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983இல் பாங்காக்கில் மீண்டும் இறுதி ஆட்டம். தாய்லாந்திடம் தோல்வி, மீண்டும் இரண்டாம் இடம். அதே 1983இல் ஷாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் கால்பந்து வீராங்கனை அவர்தான்.

இந்தப் பெருமையை அளவோடுதான் சொல்ல வேண்டும். கோழிக்கோட்டுப் போட்டிக்கு வந்த அணிகளே சொற்பம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது ஒரு மாநில அணி. ஜப்பான் 1981இல்தான் ஆசியப் போட்டிக்கு வந்தது, சீனா 1986இல்தான் வந்தது. மற்றவர்கள் எழுந்திருக்காத வேளையில் இந்தியா ஓடத் தொடங்கியிருந்தது. அந்த முன்தொடக்கம் வீணானதுதான் வருத்தம்.

அது எப்படி வீணானது என்பதற்கு விருதுப் பட்டியலே போதும். ஷாந்தி மல்லிக்குக்குப் பிறகு அர்ஜுனா விருது பெற்ற பெண் கால்பந்து வீராங்கனை மணிப்பூரின் ஓய்னம் பெம்பெம் தேவி. அவர் அதைப் பெற்ற ஆண்டு 2017. இடைவெளி 34 ஆண்டுகள். 1990களின் தொடக்கத்தில் மகளிர் ஆட்டம் அகில இந்தியச் சம்மேளனத்தின் கைக்கு மாறியபோது நிலைமை சீராகும் என்று பலர் நம்பினார்கள். தேசியப் போட்டி தொடர்ந்து நடந்தது. ஆனால் மணிப்பூர் இருபதுக்கும் மேற்பட்ட முறை கோப்பையை எடுத்துச்செல்ல, வங்காளம் பின்தங்கியது. தேசிய அணியோ ஆட்டமே இல்லாமல் கிடந்தது. போதிய ஆட்டங்கள் ஆடவில்லை என்று 2009இல் ஃபிஃபா தன் தரவரிசையிலிருந்தே இந்திய மகளிர் அணியை நீக்கியது. ஆசியாவில் இருமுறை இரண்டாம் இடம் பெற்ற நாடு பட்டியலிலேயே இல்லாமல் போனது.

கொல்கத்தாவின் பெரிய கழகங்களும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1889இல் பிறந்த மோகன் பகானும் 1920இல் பிறந்த ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் நகரம் இரண்டாகப் பிரியும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இலிஷ் மீனுக்குக் கிராக்கி, மோகன் பகான் வென்றால் இறாலுக்கு. இந்தப் பற்று முழுவதும் ஆண்கள் ஆட்டத்தின் மேல்தான். 2001இல் ஈஸ்ட் பெங்கால் ஒரு மகளிர் அணியைத் திரட்டி கல்கத்தா லீக்கில் ஆடியது. ஆனால் அந்த அணி நிலைக்கவில்லை. மறுபடியும் ஒரு மகளிர் அணி சிவப்பு, பொன்னிறச் சட்டையோடு களமிறங்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே ஐம்பது ஆண்டுகளில் வேறொரு நாடு என்ன செய்தது என்று பார்ப்பது பயனுள்ளது. ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் 1955இல் பெண்கள் ஆடுவதற்குத் தடை விதித்தது. கழகங்கள் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்றது. 1970 அக்டோபர் 31 அன்றுதான் தடை நீங்கியது. நீங்கிய பிறகும் நிபந்தனைகள்: ஒரு பாதி 30 நிமிடம் மட்டுமே, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் விடுமுறை, ஆணி பதித்த காலணி கூடாது. 1989இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஜெர்மன் பெண்களுக்குச் சங்கம் பரிசாகக் கொடுத்தது ஒரு காபிக் கோப்பைத் தொகுதி. ஆனால் அடுத்த ஆண்டே, 1990இல், அங்கே மகளிர் தேசிய லீக் தொடங்கியது. முதலில் இரண்டு பிரிவுகளாக, 1997 முதல் ஒரே பிரிவாக 12 அணிகளோடு, 2025 முதல் 14 அணிகளோடு. அந்த லீக் ஓர் ஆண்டுகூட நிற்கவில்லை. 2003இல் உலகக் கோப்பை வந்தது. 2025 செப்டம்பரில் மியூனிக்கில் பேயர்ன் மகளிர் அணி ஆடிய லீக் ஆட்டத்தைப் பார்க்க 57,000க்கும் மேற்பட்டோர் அரங்குக்கு வந்தார்கள்.

தடை என்று எழுத்தில் ஒன்று இந்தியாவில் இருந்ததில்லை. தடை இருந்த நாடு முன்னேறியது, தடை இல்லாத நாடு பின்தங்கியது. அங்கே ஆண்டுதோறும் தவறாமல் வந்த ஆட்டப்பருவம் இங்கே வரவில்லை.

இந்தியாவில் அப்படியொரு பருவம் 2017இல்தான் எட்டிப்பார்த்தது. முதலாவது இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்று டெல்லியில், ஒரே மைதானத்தில், ஆறு அணிகளோடு, மூன்று வாரத்துக்குள் முடிந்துபோனது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டம், களைப்பு தீருமுன் அடுத்த ஆட்டம். அந்த ஆறில் கொல்கத்தா அணி ஒன்றுகூட இல்லை. மணிப்பூர், ஒடிசா, பிறகு 2019இல் நம் சேது எஃப்.சி., அதன்பின் தொடர்ந்து மூன்று முறை கோகுலம் கேரளா, அடுத்து ஒடிசா எஃப்.சி. என்று கோப்பை சுற்றிவந்தது. கொல்கத்தா மட்டும் விடுபட்டுக்கொண்டே இருந்தது.

2023-24 முதல் லீக்கின் அமைப்பு மாறியது. ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளைச் சொந்த ஊரில் ஒருமுறை, எதிரணியின் ஊரில் ஒருமுறை சந்திக்கும் முறை வந்தது. லீக்கில் ஆடும் கழகம் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் தர வேண்டும் என்று சம்மேளனம் விதித்தது. ஷாந்தி மல்லிக்கின் தலைமுறைக்கு ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைப்பதுதான் ஆகப்பெரிய வருமானக் கனவு. கால்பந்தே வேலையாகும் என்று அவர்கள் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

ஈஸ்ட் பெங்கால் மகளிர் அணி அந்த முதல் பருவத்தில் பட்டியலின் கீழ்வரிசையில்தான் நின்றது. அடுத்த பருவத்துக்குக் கழகம் பணத்தையும் கவனத்தையும் கொட்டியது. கோகுலத்தை இருமுறை சாம்பியனாக்கிய ஆண்டனி ஆண்ட்ரூஸ் பயிற்சியாளராக வந்தார். தெலங்கானாவின் சௌம்யா குகுலோத், கானாவின் எல்ஷடாய் அச்செம்பாங், மணிப்பூரின் அனுபவசாலிகள், கடலூர் மாவட்டத்திலிருந்து எழுந்துவந்த நம் சந்தியா ரங்கநாதன் எனப் பல திசையிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். எட்டு அணிகள், ஆளுக்கு 14 ஆட்டங்கள், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. 2025 ஏப்ரலில், முந்தைய சாம்பியனான ஒடிசாவுக்கு எதிராக சௌம்யா அடித்த ஒற்றைக் கோல் ஈஸ்ட் பெங்காலைச் சாம்பியனாக்கியது. அதற்கு முன் கழகத்தின் ஆண்கள் அணி கடைசியாகத் தேசிய லீக்கை வென்றது 2003-04 பருவத்தில். இருபது ஆண்டுகளுக்கு மேலான அந்தக் காத்திருப்பைப் பெண்கள் முடித்துவைத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் கம்போடியாவில் நடந்த தகுதிச் சுற்றைக் கடந்து, நவம்பரில் சீனாவின் வூஹானில் நடந்த ஆசிய மகளிர் சாம்பியன்ஸ் லீக் பிரிவுச் சுற்றுக்கு அணி சென்றது. ஈரானின் பாம் காதூன் அணியை 3-1 என்று வென்றது. மற்ற இரண்டு ஆட்டங்களில் தோற்று வெளியேறியது. முந்தைய ஆண்டு ஒடிசா எஃப்.சி. இதே சுற்றில் ஜப்பானின் உராவா அணியிடம் 17 கோல் வாங்கியதை நினைத்துப் பார்த்தால் இந்த ஒரு வெற்றியின் மதிப்பு புரியும். 1983இல் இறுதி ஆட்டத்தில் தோற்றவர்களின் ஊருக்கு, 2025இல் பிரிவுச் சுற்றில் ஒரு வெற்றியே கொண்டாட்டம். நாம் எவ்வளவு கீழே இறங்கியிருந்தோம் என்பதையும் அது சொல்கிறது.

நகரத்துக்குள்ளும் மாற்றம் உண்டு. கல்கத்தா மகளிர் லீக் இப்போது கன்யாஸ்ரீ கோப்பை என்ற பெயரில் நடக்கிறது. சிறுமிகள் படிப்பை நிறுத்தாமல் இருக்க, இளவயதுத் திருமணத்தைத் தடுக்க மேற்கு வங்க அரசு 2013இல் கொண்டுவந்த உதவித்திட்டத்தின் பெயர் அது. துர்கா பூஜைப் பந்தலுக்குப் பெயர்போன ஸ்ரீபூமியின் பெயரில் ஓர் அணி தேசிய லீக்கின் முதல் தரத்துக்கு உயர்ந்தது. ஆக 2024-25 பருவத்தில் எட்டில் இரண்டு அணிகள் கொல்கத்தாவுடையவை. 2017இல் இருந்தது பூஜ்யம்.

இழந்ததும் இருக்கிறது. அன்று கல்கத்தாவின் பெருமை என்றால் அது கல்கத்தாவிலும் சுற்றுமாவட்டங்களிலும் பிறந்த பெண்களின் பெருமை. இன்றைய சாம்பியன் அணியின் முதுகெலும்பு மணிப்பூர், தெலங்கானா, தமிழ்நாடு, ஆப்பிரிக்கா. தொழில்முறை ஆட்டத்தில் இது இயல்பு, குறையாகாது. ஆனால் நதியா, ஹூக்ளி, புருலியா மாவட்டங்களின் சிறுமிகளுக்கு அந்தச் சட்டையை எட்டும் பாதை அன்றைவிட நீளமாகிவிட்டது. அந்தப் பாதையில் நடந்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். கொல்கத்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள கல்யாணியைச் சேர்ந்த சங்கீதா பாஸ்ஃபோர் அவர்களில் ஒருவர். நடுக்கள வீராங்கனையான அவர் 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாயில், தாய்லாந்துக்கு எதிராகவே இரண்டு கோல் அடித்தார். இந்தியா 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று வழியாக நுழைந்தது. 1983இல் பாங்காக்கில் தோற்ற கணக்கை ஒரு வங்காளப் பெண் 42 ஆண்டுகள் கழித்து நேர்செய்தார் என்று சொன்னால் மிகையில்லை.

பார்வையாளர் விஷயத்தில் அன்றும் இன்றும் அதிக வேறுபாடு இல்லை. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதும் ஆண்கள் டெர்பிக்கு சால்ட் லேக் அரங்கம் நிறைகிறது. பெண்கள் ஆட்டத்தைக் கல்யாணியிலோ கைப்பேசித் திரையிலோதான் பெரும்பாலும் பார்க்க முடிகிறது. ஆட்டத்தின் தரம் உயர்ந்த அளவுக்குப் பழக்கம் உயரவில்லை.

கணக்கு பார்த்தால் பெற்றவை கூடுதல்: ஊதியம், பருவம், கழக அளவிலான பயிற்சி, கழகங்களுக்கான ஆசிய மேடை. 1975இன் பெண்களிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. அவர்கள் எட்டிய இரண்டாம் இடம் மட்டும் இன்றும் நமக்கு எட்டவில்லை. அதை மீட்க ஒரு கழகத்தின் வெற்றி போதாது. ஜெர்மனியின் பாடம் எளியது: ஆண்டு தவறாமல் லீக் நடக்க வேண்டும், அதில் பெரிய கழகங்கள் எல்லாம் ஆட வேண்டும். ஈஸ்ட் பெங்கால் சாம்பியனான அந்தப் பருவத்தில் தேசிய மகளிர் லீக்கின் எட்டு அணிகளில் மோகன் பகான் இல்லை. 1911இல் வெறுங்காலோடு ஆடி வெள்ளையரை வென்று நாட்டுக்கே நிமிர்வு தந்த கழகம் அது. கொல்கத்தாவில் பெண்களின் டெர்பி ஒன்று நடக்க வேண்டுமானால், அடுத்து பதில் சொல்ல வேண்டியது மோகன் பகான்தான்.