பல் தண்டு எவ்வளவு முறுக்கைத் தாங்கும்?

நவரைப் பட்டத்தில் சேற்றுழவு மும்முரமாக நடக்கையில் ரோட்டவேட்டரின் தண்டு நழுவினால், வாடகை வண்டிக்குக் காத்திருக்கும் அங்கத்தினர் அனைவருக்கும் நாள் வீணாகிறது. மாற்றுத் தண்டு வாங்குமுன் செய்யத்தக்க ஒரு கணக்கை இங்கே விளக்குகிறோம்.

டிராக்டரின் பின்புறம் நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் பி.டி.ஓ. தண்டில் பொதுவாக 6 பற்கள் உண்டு. அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். (1,000 சுற்றுக்குரிய ஒரு வகையில் பற்கள் 21.) குதிரைசக்தியை 716-ஆல் பெருக்கிச் சுற்றுகளால் வகுத்தால் முறுக்கு கிடைக்கும். 35 குதிரைசக்தி முழுவதும் இத்தண்டின் வழியே சென்றால் முறுக்கு 46 கிலோகிராம்-மீட்டருக்குச் சற்று மேலாகும். பற்களின் நடு ஆரம் சுமார் 16 மில்லிமீட்டராதலால், அவ்விடத்தில் விழும் தள்ளுவிசை 2,900 கிலோ. ஆறு பற்கள் சமமாகப் பங்கிட்டால் பல்லுக்கு 480 கிலோ. ஒரு பல் 75 மில்லிமீட்டர் நீளமும் 2.4 மில்லிமீட்டர் உயரமும் பொருந்தியிருந்தால் பரப்பு 1.8 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 270 கிலோ.

ஆனால் பற்கள் சமமாகப் பங்கிடுவதில்லை. நெசவாளர் இதை எளிதில் உணர்வர்: பாவில் சில இழைகள் தளர்ந்திருந்தால், விறைப்பான இழைகளே இழுப்பு முழுவதையும் ஏற்று அறுகின்றன அல்லவா? தண்டிலும் அவ்வாறே. ஆகவே பாதிப் பற்களே சுமக்கின்றன என்று கொள்வது விவேகம். அப்போது அழுத்தம் 540. பூட்டுமுள் பள்ளத்தில் விழாமல் தண்டு பாதி மட்டுமே நுழைந்திருந்தால் அதுவும் இரட்டிக்கும். சுமையோடு முன்னும் பின்னும் வழுக்கும் இணைப்புக்கு அனுமதிக்கத்தக்க அழுத்தம் இதைவிட மிகக் குறைவு. கிரீஸ் அங்கேதான் அவசியம்.

பற்களை நீக்கிய உள்ளுடலையும் கவனிக்க வேண்டும். அதன் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. பழைய பற்களைக் கடைந்து மெலிதாக்கி விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், வலிமையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பற்களை மட்டும் பார்த்து உடலை மறப்பது பட்டறைகளில் நாம் அடிக்கடி காணும் பிழை.

கல்லில் மோதும்போது முறுக்கு கணக்கைத் தாண்டி எகிறும். அதற்காகவே முறிவு போல்ட் வைக்கப்பட்டுள்ளது. அது முறிந்ததும் அதைவிடக் கடினமான போல்ட்டைப் போட்டால், அடுத்த மோதலில் தண்டோ கியர் பெட்டியோ முறியும். அந்தப் போல்ட் இரண்டை எப்போதும் வண்டியிலேயே வைத்திருங்கள். தண்டு வாங்கக் கும்மிடிப்பூண்டிக்கோ காக்களூருக்கோ செல்லும்போது பழைய தண்டை உடன் எடுத்துச் செல்லுங்கள்.